ஃப்ரீசர் பாக்ஸ் எந்த மரபில் வருகிறது?

(கோவையில் ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்துத் தெருவில் பிரியாணி வாசம் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், என்னைச் சாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 'எப்பப்பா முடியும்?' என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிற தொனிக்கும், ஐசியு வாசலில் நின்று டாக்டரிடம் கேட்கிற தொனிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கோவைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளை உட்கார்ந்து படித்திருக்கிறீர்களா? ஒருவர் 'இயற்கை எய்தினார்'. அவர் நம்ம ஆள், சந்தேகமே இல்லை. இன்னொருவர் 'இறைவனடி சேர்ந்தார்'. கொஞ்சம் வசதியானவர் என்றால் 'சிவலோக பதவி அடைந்தார்', அல்லது 'வைகுண்ட பதவி அடைந்தார்'. எங்கள் வளவில் ஒருவர் இறந்தால் ஊருக்குள் பேச்சு ஒரே வரிதான்: 'அவஞ் செத்துட்டானாமா.' இதில் எனக்குப் பிடித்தது அந்தப் 'பதவி' என்கிற சொல். வாழ்நாள் முழுக்கத் தகுதி, திறமை, மெரிட் என்று பேசிய பெரியவர்கள் யாரும் அந்தப் பதவிக்கு மட்டும் நுழைவுத் தேர்வு கேட்டதில்லை. நேரடி நியமனம்.

இப்படிப் பேச ஆரம்பித்தால் உடனே ஒருவர் சொல்வார்: 'அட, செத்தா எல்லாரும் ஒண்ணுதானுங்க.' நம் நாட்டில் அதிகமாகச் சொல்லப்படும் பொய்களில் இது ஒன்று. சொல்பவர் பெரும்பாலும் உயிரோடிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உலகத்தில் எங்கேயும் செத்தவர்கள் ஒன்றாக இருந்ததில்லை. எகிப்தில் அரசன் இறந்தால் உடலைப் பதப்படுத்தினார்கள். இதயத்தைப் பத்திரமாக உள்ளே விட்டுவிட்டு, மூளையை மட்டும் மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து எறிந்தார்கள். மறுமைக்கு மூளை தேவையில்லை என்பது அவர்கள் முடிவு. நம் ஊர்ச் சாதிச் சங்கங்கள் இம்மைக்கே தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டன. சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் சாகாமல் இருக்க மருந்து தேடிக்கொண்டே இருந்தவர். கி.மு. 210இல் பயணத்தின் நடுவே செத்துப்போனார். செய்தி வெளியே தெரிந்தால் ஆட்சி போய்விடும் என்று பயந்த அமைச்சர்கள், பிண வாடை தெரியாமல் இருக்க வண்டி நிறைய மீன் ஏற்றிக் கூடவே ஓட்டிவந்தார்கள் என்று சீன வரலாற்று நூல் சொல்கிறது. அவருக்குக் காவலாக ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்கள். கடைசி ஊர்வலத்தில் கூட வந்ததோ கருவாடு.

இங்கிலாந்துக்காரன் இன்னும் நேர்த்தி. லண்டனில் புதைக்க இடமில்லாமல் போனபோது 1854இல் பிணங்களுக்கென்றே ஒரு ரயில் விட்டார்கள். லண்டன் நெக்ரோபோலிஸ் ரயில்வே என்று பெயர். வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட் கல்லறைக்கு. அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு, சவப்பெட்டிக்கும் சேர்த்து. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் போக வர டிக்கெட், பெட்டியில் இருப்பவருக்குப் போக மட்டும். கல்லறையில் இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஒரு நிலையம், மற்றவர்களுக்கு ஒரு நிலையம். இரண்டாம் உலகப் போரில், 1941இல், குண்டு விழுந்து அந்த ரயில் நின்றது. ஆனால் ஒன்று பாருங்கள். அங்கே காசு இருந்தால் மூன்றாம் வகுப்புக்காரனும் முதல் வகுப்பு டிக்கெட் எடுக்கலாம். இங்கே அந்த டிக்கெட்டையே அச்சடிக்கவில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். 'எங்கள் முன்னோர் செய்த மரபு, மாற்ற மாட்டோம்' என்கிறார்கள் இல்லையா? எந்த முன்னோர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சென்னிமலை பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. சங்ககாலத்துத் தொழில் நகரம். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த இடம். கொங்குப் பெருமை பேசுகிற எல்லாச் சாதிச் சங்க மலரிலும் கொடுமணல் வந்துவிடும். அங்கே இறந்தவர்களை என்ன செய்தார்கள்? பெரிய பெரிய கற்பலகைகளை நிறுத்திப் பெட்டி மாதிரி அறை கட்டி, அதில் ஒரு வட்டத் துளை விட்டு, உள்ளே பானையும் கத்தியும் சூதுபவள மணியும் வைத்தார்கள். முன்னோர் மரபுதான் வேண்டும் என்றால் இன்றைக்குச் சூலூரிலும் பல்லடத்திலும் கல்லறை அடுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். கிரானைட் விலையைக் கேட்டதும் மரபு இறங்கிவிடும்.

ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் தாழி. புறநானூற்றில் கிள்ளிவளவன் இறந்ததும் புலவர் குயவரிடம் போய், இவ்வளவு பெரிய மன்னனுக்குத் தாழி செய்ய உன்னால் முடியுமா, உலகத்தையே சக்கரமாக்கி மேரு மலையை மண்ணாக்கினால்தானே ஆகும் என்று கேட்கிறார். அளவு சொல்லாமல் ஆர்டர் கொடுத்த முதல் வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு பாட்டில் ஒரு பெண், இறந்த தன் கணவனோடு தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி அகலமாகத் தாழி செய்யச் சொல்கிறாள். அங்கே சிரிப்பு வரவில்லை.

மணிமேகலை இன்னும் வெளிப்படை. புகாரின் சுடுகாட்டைச் சொல்லும்போது, எரிப்பவர்கள், அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், பள்ளத்தில் அடைப்பவர்கள், தாழியில் கவிப்பவர்கள் என்று ஐந்து வகையை ஒரே இடத்தில் காட்டுகிறது. ஒரே ஊர், ஒரே காடு, ஐந்து முறை. எது தமிழ் மரபு? ஐந்தும்தான். ஆனால் தமிழ்ப் பெருமை பேசுபவர்கள் தாண்டிப் போகிற ஒரு தகவலும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே இறந்தவர்களுக்குக் கட்டிய கோட்டங்கள் நால்வகை வருண வேறுபாட்டைக் காட்டும்படி இருந்தன என்கிறது அந்தக் காப்பியம். அதாவது முறை பற்றிக் கறார் இல்லாத காலத்திலேயே வருணம் சுடுகாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது? மனுவின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். செத்த சூத்திரனை ஊரின் தெற்கு வாசல் வழியாக எடுத்துப் போக வேண்டும், மற்ற மூன்று வருணத்தாருக்கு மற்ற மூன்று வாசல். தீட்டு பிராமணனுக்கு 10 நாள், சத்திரியனுக்கு 12, வைசியனுக்கு 15, சூத்திரனுக்கு ஒரு மாதம். காய்ச்சல் ஒன்று, சாவு ஒன்று, தீட்டுக்கு மட்டும் ஸ்லாப் சிஸ்டம். ஜிஎஸ்டி-யை நாம் 2017இல் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். கொங்கு நாட்டில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. முதலில் வருவது ஃப்ரீசர் பாக்ஸ். அமெரிக்காவிலிருந்து மகன் வரும்வரை தாத்தா அதில் இரண்டு நாள் இருப்பார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற விதி எங்கே போனது? விசா வரிசைக்குப் போனது. ஃப்ரீசர் பாக்ஸ் எந்த வேதத்தில், எந்த ஆகமத்தில், எந்தக் குலதெய்வத்தின் அருள்வாக்கில் இருக்கிறது? யாரும் கேட்கவில்லை. பாடை போய் வைகுண்ட ரதம் என்று எழுதிய வேன் வந்தது, கேட்கவில்லை. உள்ளூர்த் தப்பட்டை போய்க் கேரளத்துச் செண்டை மேளம் வந்தது, கேட்கவில்லை. விறகு போய் எரிவாயு வந்தது. ஆத்துப்பாலத்திலோ சொக்கம்புதூரிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சாம்பல் பானையில். மூன்றாம் நாள் காடாத்து அன்றைக்கே முடிந்துவிடுகிறது. பதினாறாம் நாள் கருமாதி விசைத்தறி ஷிப்டையும் பள்ளிக்கூடப் பரீட்சையையும் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்கிறது. 'சனிப் பொணம் தனிப் போகாது' என்று பாடையில் கட்டிய கோழிக்குஞ்சு பல இடங்களில் தேங்காயாக மாறிவிட்டது. கோழியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பெரிய சமூக சீர்திருத்தம்.

ஆக, மரபு என்பது ரப்பர் மாதிரி. இழுத்த இழுப்புக்கு வருகிறது. மூன்றே மூன்று இடத்தில் மட்டும் அது கல்லாகிவிடுகிறது. யார் வேலை செய்வது, எந்தத் தடத்தில் போவது, எந்தக் காட்டில் வைப்பது.

முதலாவதைச் சொல்கிறேன். அரசமைப்புச் சட்டம் நம் எல்லோரையும் 'குடிமகன்' என்கிறது. கொங்கு நாட்டில் குடிமகன் என்றால் நாவிதர். சாவு வீட்டில் சடங்கு முழுக்க அவர் தலையில். துணி மாற்று வண்ணார். பறை அடிப்பது, குழி வெட்டுவது, எழவு சொல்லப் போவது அருந்ததியர். என் தாத்தாவும் இந்த வேலை பார்த்தவர்தான்.

களப்பணியில் அவிநாசிப் பக்கம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் எழவு சொன்னவர். முதலில் நடை, பிறகு சைக்கிள், கடைசியில் டிவிஎஸ் 50. அவர் வேலையை விட்டதற்குப் பல வருடம் முன்பே ஊர் முழுக்கக் கையில் செல்போன் வந்துவிட்டது. நான் கேட்டேன், "ஐயா, போன்லயே சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் எதுக்குங்க உங்களை அனுப்பினாங்க?"

"போன்ல சொன்னா அது சேதி, கண்ணு. நாம போயி நின்னு சொன்னாத்தான் அது எழவு" என்றார்.

அவர் விவரித்த காட்சியை நீங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். இவர் போகும்போது அந்த வீட்டில் ஏற்கெனவே அழுது முடித்திருப்பார்கள். புறப்படக் கார் தயாராக நிற்கும். வீட்டுப் பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூட வைத்திருப்பான். இவர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டே தெருவுக்குள் போவார். துண்டு இடுப்பில். தலைவாசலுக்கு வெளியே நின்று, இன்ன ஊரில் இன்னார் தவறிவிட்டார் 'சாமி' என்பார். வீட்டுப் பெரியவர் அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி 'அப்படியாடா?' என்பார். கை படாமல் பத்து ரூபாய் விழும். பெட்ரோல் இவர் காசு. இரண்டு பேருக்கும் தெரிந்த செய்தியை ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு நடத்துகிற நாடகம். சாவைத் தெரிவிப்பதா அதன் வேலை? இவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார் என்பதை வீட்டுக்கும் தெருவுக்கும் அவருக்கும் ஒருமுறை தெரிவிப்பது.

மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "சொன்னம். தோட்டத்துல வேல இல்லைன்னாங்க. பால் ஊத்த மாட்டம்னாங்க. வளவுக்கு வர்ற தடத்துல முள்ளப் போட்டு வச்சாங்க." பிறகு எப்படி நின்றது? பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். டெய்லர், கட்டிங் என்று வாரச் சம்பளம் வாங்கினார்கள். தோட்டத்து வேலையையும் பாலையும் காட்டி மிரட்ட முடியவில்லை. நின்றது.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்பார் என்று தெரியும்: பறை இன்றைக்கு மேடைக் கலையாகிவிட்டதே, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் அடிக்கிறார்களே? அடிக்கட்டும், நானும் சுமாராக அடிப்பேன். ஆனால் மேடையில் அடிக்கிறவருக்கு 'இன்றைக்கு வரமாட்டேன்' என்று சொல்ல முடியும். சொன்னால் அவர் வீட்டுத் தடத்தில் முள் விழாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பறையைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாவது, தடம். மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் 2016 ஜனவரியில் நூறு வயதான தலித் பெரியவர் ஒருவர் இறந்தார். பொதுப் பாதையில் எடுத்துப் போகலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல்துறை என்ன செய்தது? உத்தரவை நிறைவேற்றுவதற்குப் பதிலாக, உடலைத் தாங்களே தூக்கிக்கொண்டு வேறு வழியில் போய் அடக்கம் செய்துவிட்டார்கள். சீருடையில் பாடை தூக்கிய போலீஸை அன்றைக்குத்தான் பார்த்தோம். ஊரைப் பணிய வைப்பதைவிடப் பிணம் தூக்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

வாணியம்பாடி நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், பட்டா நிலம் வழியே போக விடாததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுமார் 20 அடி. வீடியோ நாடு முழுக்கப் போனது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, தனித்தனிச் சுடுகாடு எதற்கு என்று அரசைக் கேட்டது.

சுடுகாட்டு வழக்கு என்றதும் எனக்கு 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவு நினைவுக்கு வரும். ஐந்து முறை முதலமைச்சராக இருந்த கலைஞருக்கு மெரினாவில் இடம் இல்லை என்றது அன்றைய அரசு. இரவோடு இரவாக வழக்கு, மறுநாள் காலையில் தீர்ப்பு, மாலையில் அடக்கம். தமிழ்நாடே தூங்காமல் டிவி பார்த்தது. 'செத்தவருக்கு ஆறடி நிலத்துக்கு நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறதே' என்று எல்லோரும் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. வளவில் இருக்கிற எங்கள் ஆட்களும் கொதித்தார்கள், ஆனால் அவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது, காடு. இந்துக்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களையும் மற்றவர்களையும் பிரிக்கச் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கம் முதலில் எழுப்புவது என்ற குழப்பம் வரக்கூடாது என்று நினைத்தார்கள் போல. நம் மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்குள் ஒரு சுவர் விழுந்து 17 தலித்துகள் இறந்தார்கள். நீதி கேட்டு மருத்துவமனை முன் நின்றவர்களுக்குத் தடியடி. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நம் பகுதியின் வேடிக்கை ஒன்றுண்டு. ஆனைமலை மாசாணியம்மன் படுத்துக் கிடக்கிற இடம் மயானம் என்பதுதான் கதையே. நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசக் கூட்டம் அலைமோதுகிறது. சொக்கம்புதூர் மயானத்தில் மகாசிவராத்திரி நள்ளிரவில் மண்ணில் மாசாணி உருவம் செய்து பூசை நடக்கிறது, எல்லாச் சாதிக்காரர்களும் நிற்கிறார்கள். பேரூரில் இறக்கிற உயிருக்கு வலது காது மேலே பார்த்திருக்கும், சிவனே வந்து மந்திரம் ஓதுவார் என்கிறது தலபுராணம். சிவன் சாதிச் சான்றிதழ் கேட்டதாகக் கதையில் இல்லை. மயானத்தில் படுத்தவள் சாமி, மயானத்தில் ஓதுகிறவர் சாமி, மயானத்தில் குழி வெட்டுகிறவர் மட்டும் தீட்டு. இது எந்த ஊர்க் கணக்கு?

மின் மயானம் வந்துவிட்டதே, இயந்திரம் சாதி பார்க்காதே என்பார்கள். உண்மை. அது ஆதார் நகலும் டாக்டர் சான்றிதழும்தான் கேட்கிறது. ஆனால் அது மாநகராட்சியில். ஊராட்சிக்குள் போனால் ஊர்க்காடு வேறு, வளவுக்காடு வேறு. ஒன்றுக்குத் தார்ச்சாலை, கூரை, தண்ணீர்க் குழாய். மற்றதற்கு மழைக்காலத்தில் முழங்கால் சேறு.

இதையெல்லாம் உடைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டில் 1933 மே 11ஆம் தேதி நாகம்மையார் மறைந்தார். எந்தச் சடங்கும் இல்லை. அடுத்த நாளே பெரியார் திருச்சிக்குப் போய்த் தடையை மீறி ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் கைதானார். மனைவி இறந்தால் பதினாறு நாள் வெளியே போகக்கூடாது என்ற ஊரில், மறுநாள் கல்யாணம் நடத்தி வைக்கப் போனவர். 1973 டிசம்பரில் அவரைப் பெரியார் திடலில் புதைத்தபோதும் சடங்கு இல்லை. அண்ணல் அம்பேத்கரின் உடலை 1956 டிசம்பர் 7ஆம் தேதி தாதர் கடற்கரையில் எரியூட்டியபோது, கூடியிருந்த மக்கள் அந்த இடத்திலேயே பௌத்தம் ஏற்றார்கள். தீட்டு என்று குளிக்க ஓட வேண்டிய இடத்தில் நின்று மதம் மாறினார்கள்.

சட்டத்துக்கும் வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருநாள்கொண்டச்சேரியில் போலீஸ் பாடை தூக்கிய அதே மாதம். அதன்படி பட்டியல் சாதியினரைப் பிணம் தூக்க வைப்பது, செத்த மாடு தூக்க வைப்பது, குழி வெட்ட வைப்பது குற்றம். பொதுச் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனை. நம்மில் எத்தனை பேர் இதைக் காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறோம்? கிராம ஊராட்சிகளுக்கு இடுகாடு, சுடுகாடு விதிகள் 1999இலேயே வந்தன. வீட்டிலிருந்தும் குடிநீரிலிருந்தும் 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று அதில் கணக்கு இருக்கிறது. சாதிக்கும் சாதிக்கும் எத்தனை மீட்டர் என்ற கணக்கை ஊர்தான் போட்டுக்கொண்டது. சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூருக்குத் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் பரிசு தருகிறது. குற்றம் செய்யாமல் இருப்பதற்குப் பரிசு. பரவாயில்லை, அதையும் வாங்குவோம்.

கடைசியாக ஒரு வேலை. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போவதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: எங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் எத்தனை மயானம், ஒவ்வொன்றுக்கும் பாதை, விளக்கு, தண்ணீர் இருக்கிறதா, எதற்கு எவ்வளவு செலவு செய்தீர்கள். பதிலை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய், எல்லோருக்கும் ஒரே மயானம் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராவது போங்கள், அதில் பெண்கள் பாதிப் பேர் இருக்கட்டும். சுடுகாட்டுக்கே பெண்கள் வரக்கூடாது என்கிறவர்கள் அங்கேயும் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தீர்மானத்தை உங்கள் கண் முன்னால் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 'கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க, அப்புறமா எழுதிக்கறோம்' என்பார்கள். வெற்றுப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.